முழுப்பேர்

“முதல் பேர் உம்மடைதான் பிள்ளை,” என்றார் தர்மராசா. “எனக்குக் கடைசிப் பேர் காணும்.”

நிஷாந்தினி மேசையில் கிடந்த தாளைப் பார்த்தாள். கட்டுரைத் தலைப்புக்குக் கீழே அவள் பெயர் அச்சாகியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன நாளிலிருந்து அவள் ஆசைப்பட்ட இடம் அதுதான். நாலு வரி தள்ளி அந்த எண்ணும் இருந்தது. நூற்றுக்குப் பதினொன்று.

அந்த எண் தப்பு. அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அவள்தான் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தாளே.

“சேர், அந்தப் பதினொன்று...”

“உதை இன்னொருக்காத் தொடங்காதேயும்.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வெள்ளிக்கிழமை எண்டபடியால் நேரத்தோட வீட்டை போம். திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் படங்கள் முடிஞ்சுதோ?”

“முடிஞ்சிருச்சு சேர்.”

ஞாயிற்றுக்கிழமை பதுளை மண்டபம் ஒன்றில் அவர் பேசவிருந்தார். பேச்சின் தலைப்பு, ‘அறிவியல் முன்னேற்றம் மந்தமாகிறதா?’ அதற்கான முப்பது படங்களையும் செய்தவள் நிஷாந்தினி. பிடிக்காமல்தான் செய்தாள். வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமலிருப்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழகிப்போன வேலை.

பதுளைக்கு வெளியே, மழையில் வெளிறிய பலகையோடு நிற்கும் சின்னப் பயிர் ஆய்வு நிலையம் அது. தர்மராசா யாழ்ப்பாணத்திலிருந்து இளைஞனாக அங்கே வந்தவர். இப்போது அவர்தான் தலைவர். வந்த புதிதில் பெரகலைக்கு மேலே மேமலைத் தோட்டத்தில் இரண்டு தேயிலை மலைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு தொடங்கினார். ஒன்று, தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் சில்வர் ஓக் மரங்கள் நிழல் தரும் மலை. மற்றது மரங்களை வெட்டி எடுத்த மலை. இரண்டு வருடக் கணக்கில், மரமுள்ள மலையில் கொழுந்து நூற்றுக்குப் பதினொன்று குறைவு என்று கண்டார். அதுதான் அவருடைய முதல் கட்டுரை. கலாநிதிப் பட்டமும் அதனால்தான் வந்தது. அதற்குப் பிறகு அதே மலைகளை வைத்துப் பதின்மூன்று கட்டுரைகள் வெளியாகின. ஒவ்வொன்றும் முந்தியதை ஆதாரம் காட்டியது. பதினைந்தாவது இப்போது மேசையில் கிடந்தது. இருபது வருடத் தரவையும் கணினிக்குக் கொடுத்து, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அலசி, மிச்சமிருக்கும் நிழல் மரங்களையும் வெட்டலாம் என்று அது சொன்னது.

நிஷாந்தினி பிறந்தது அதே மேமலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். அம்மா லீலாதேவி இன்றும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். அப்படியிருந்தும், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் அவளும் அந்த எண்களை வாய் பேசாமல் கணினியில் ஏற்றிக்கொண்டுதான் இருந்தாள். அதை நினைத்தால் தன்மேலேயே ஆத்திரம் வரும்.

அவளை உலுக்கியது ஒரு சொல். ஒரு மழைக்காலத்துச் சனிக்கிழமை அம்மா வேலை விட்டு வந்து சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “இன்னைக்கும் மரத்து மலைக்கு விட்டுட்டாங்க. அரைப்பேருதான்.”

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் பெயர். பதினெட்டுக் கிலோ நிறுத்தால் முழுப்பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள்தான் அவள். ஆனால் அன்றைக்குத்தான் கேட்டாள்: “ஏம்மா, மரத்து மலைன்னா எப்பவும் அரைப்பேருதானா?”

“ஈரக் கழிவு போடுறானே,” என்றாள் அம்மா, இதுகூடத் தெரியாதா என்பது போல.

நிஷாந்தினி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

விஷயம் இவ்வளவுதான். கொழுந்தை ஒரு நாளில் மூன்று தடவை நிறுப்பார்கள். தராசு காட்டுவதைக் கணக்கப்பிள்ளை அப்படியே எழுதமாட்டார். சாக்குக்கு என்று ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு கிலோ கழிப்பார். கொழுந்து நனைந்திருந்தால் நாலு. மர நிழலில் பனி காயப் பத்து மணியாகும். ஆகவே மரத்து மலையில் காலை நிறுவைக்கு எப்போதும் நாலு. ஒருத்தி நாள் முழுக்க இருபத்துநாலு கிலோ பறித்தால், மரமில்லாத மலையில் ஆறு போய்ப் பதினெட்டு எழுதுவார். மரத்து மலையில் எட்டுப் போய்ப் பதினாறு. பதினெட்டுக்கும் பதினாறுக்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்குப் பதினொன்று.

நிலையத்துக்கு வந்த தரவெல்லாம் கணக்கப்பிள்ளையின் புத்தகத்திலிருந்து வந்தது. தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி என்பதால் யாரும் அதை நிலையத்தில் போய்ச் சொல்லவில்லை. நிலையத்துக்காரர்களோ நிறுக்கிற இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை. பதினாலு கட்டுரைகள் ஆராய்ந்தது மரத்தின் நிழலை அல்ல, கணக்கப்பிள்ளையின் பேனாவை.

அவள் பண்டாரவளையில் ஒரு தொங்கு தராசு வாங்கினாள். சோதனைக்கு இலை எடுக்கப் போவதாகச் சொல்லி வாரத்துக்கு இரண்டு நாள் மலையில் நின்றாள். கணக்கப்பிள்ளை நிறுப்பதற்கு முன் தானே நிறுத்தாள். நூறு கிராம் கொழுந்தைத் துணியால் ஒற்றி எடுத்து, மறுபடி நிறுத்து, ஈரம் எவ்வளவு என்று பார்த்தாள். காலைச் சாக்கு ஒன்றில் இருந்த தண்ணீர் அரைக் கிலோகூட இல்லை. பதினாலு மாதம் அப்படி நிறுத்தபின் தெரிந்தது: இரண்டு மலைக்கும் வித்தியாசமே கிடையாது.

அதை எழுதிக்கொண்டு போனபோது தர்மராசா முதல் தடவை “பாப்பம்” என்றார். இரண்டாம் தடவை, “வித்தியாசம் இல்லை எண்டுற கட்டுரையை எந்தச் சஞ்சிகை போடும்? இதில புதுசா என்ன இருக்கு?” என்றார். மூன்றாம் தடவை கொஞ்சம் வெளிப்படையாகவே பேசினார். “பிள்ளை, வருசத்துக்கு மூண்டு கட்டுரை காட்டாட்டி எங்களுக்குக் காசு நிப்பாட்டிப் போடுவாங்கள். பிழை திருத்தினதுக்கு ஒரு புள்ளியும் இல்லை. கட்டுரைக்குத்தான் புள்ளி. நான் செய்த சட்டமில்லை இது.”

நாலாவது தடவை அவள் போகவில்லை. அவர்தான் கூப்பிட்டு முதல் பேரை நீட்டினார்.

வெளியே நடையில் மபாஸ் காத்திருந்தான். வெலிமடைக்காரன், அவளோடு சேர்ந்தே வேலைக்கு வந்தவன்.

“என்னா நிஷாந்தினி, மொதப் பேராமே. எங்க எனக்கு டீயும் ரோல்ஸும்?”

“நான் கையெழுத்துப் போடப் போறதில்லை.”

அவன் சிரிப்பதை நிறுத்தினான். “நீங்க போடாட்டி அவர் கட்டுரைய நிப்பாட்டுவார்னு நெனைக்கிறீங்களா? அந்தப் பேரு எனக்கு வரும். நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன். ஊட்டுல கைப்புள்ள இருக்கு.”

“அந்த நம்பர் தப்புன்னு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும். தெரிஞ்சு? ஒரு கொழுந்த நாலாக் கிள்ளி நாலு கட்டுரை போடுறானுங்க உலகம் பூரா. நம்ம ஒண்ணுதான் குறைச்சலா?”

அவள் படியிறங்கினாள்.

பெரகலைச் சந்தியில் பஸ் இறங்கி மேலே ஏறி வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முதல் பேர் என்று கேட்டதும் மாவுக் கையோடு எழுந்தாள். “மொதப் பேரா? ஒனக்கா?”

“வேணாம்னு சொல்லப் போறேம்மா.”

லீலாதேவியின் முகம் மாறியது. “என்னாடி சொன்ன? முப்பத்தொரு வருசமா ஒரு பேருக்கு அந்தக் கணக்கப்பிள்ளையோட மல்லுக்கு நிக்கிறேன். காய்ச்சலோட ஏறியிருக்கேன். அட்டை கடிச்சு ரத்தம் ஒழுக நின்னிருக்கேன். நீ சும்மா குடுக்குற பேர வேணாங்கிறியா? இதுக்கா படிக்க வச்சேன்?”

“அது பொய்ப் பேரும்மா. அதுல போட்டிருக்கிற கணக்குத் தப்பு. அத வச்சுத்தான் மரத்து மலைய மொட்டையடிக்கச் சொல்றாங்க.”

“அடிக்கட்டுமே! நல்லாயிருக்கும். மரம் போனா ஈரம் போகும். முழுப்பேரு விழும். நாங்களே எத்தன நாளாக் கேட்டுக்கிட்டிருக்கோம்.”

நிஷாந்தினிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை இல்லை, கோபம். படித்த ஆளும் மரத்தை வெட்டு என்கிறார், நாள் முழுக்க அதன் நிழலில் நிற்கிறவளும் வெட்டு என்கிறாள்.

“அம்மா, மரத்து மலையில ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுக்கிற?”

“இருவத்திநாலு. நல்ல நாள்ல இருவத்தஞ்சு.”

“மரமில்லாத மலையில?”

“அதேதான். கை ரெண்டுதானே இருக்கு.”

“அப்ப மரம் என்னா கெடுத்திச்சு?”

தோசைக்கல்லில் ரொட்டி கருகும் வாசம் வந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

“அந்த ரெண்டு கிலோதாம்மா. அத மரம் திங்கல. அந்த ரெண்டு கிலோவ வச்சு எங்க சாரு இருவது வருசமா எழுதியிருக்காரு. பதினாலு தடவ.”

“இரு, இரு.” அம்மா மெதுவாகக் கேட்டாள். “அவன் எங்ககிட்டப் புடுங்கினத, படிச்சவங்க கண்டுபுடிப்புன்னு எழுதி வச்சிருக்காங்களா?”

“ஆமா.”

“தூ,” என்றாள் லீலாதேவி. கருகின ரொட்டியைக் கையாலேயே எடுத்து வாசலுக்கு வீசினாள். “போடாத. கையெழுத்துப் போடாதடி.”

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. உயர்தர மாணவர்கள், ஆசிரியர்கள், முன் வரிசையில் தோட்டத்துரைமார் சிலர். நிஷாந்தினி ஓரத்தில் மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்து படங்களை மாற்றிக்கொண்டிருந்தாள்.

தர்மராசா நன்றாகப் பேசுவார். அன்றும் நன்றாகவே பேசினார். உலகத்தில் ஆராய்ச்சியாளர் தொகை பெருகிக்கொண்டே போகிறது, கட்டுரைகள் மலைபோலக் குவிகின்றன, ஆனால் அடிப்படையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்புகள் அந்த அளவுக்கு வரவில்லை என்றார். ஏன் என்று கேட்டுவிட்டுத் தானே பதில் சொன்னார்.

“கைக்கெட்டின கொழுந்தையெல்லாம் எங்களுக்கு முந்தி வந்த ஆக்கள் பறிச்சுப் போட்டினம். மிஞ்சினதெல்லாம் உயரத்தில. அதுக்கு ஏணி வேணும். பெரிய கருவி, பெரிய காசு, நூறு பேர் கொண்ட குழு. எங்களை மாதிரி நாடுகளிட்ட அது இல்லை. இயற்கை தன்ர இலேசான இரகசியங்களைச் சொல்லி முடிச்சிட்டுது.”

கைதட்டினார்கள். அவள் அடுத்த படத்துக்குப் போக வேண்டிய இடம். விரல் அசையவில்லை. நாலாயிரம் ரூபாய்த் தராசும் ஒரு துண்டுத் துணியும் போதுமாயிருந்தன. எந்த ஏணி? எந்த உயரம்?

“கேள்விகள் இருந்தால் கேளுங்கோ,” என்றார் அவர்.

நிஷாந்தினி எழுந்தாள். பள்ளிக்கூடத்தில்கூட அவள் எழுந்து கேள்வி கேட்டதில்லை. தர்மராசா அவள் ஏதோ வயரைச் சரிசெய்ய எழுந்ததாக நினைத்து வேறு பக்கம் பார்த்தார்.

“சேர்,” என்றாள். குரல் உடைந்து வந்தது. “நீங்க கொழுந்து நிறுக்கிற இடத்துல எப்பவாவது நின்னிருக்கீங்களா?”

யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். தர்மராசாவும் புன்னகைத்தார். “நிறுக்கிறது எங்கட வேலை இல்லையே பிள்ளை. அதுக்குத் தோட்டத்தில ஆக்கள் இருக்கினம்.”

“இருபத்துநாலில ஆறு போனா எவ்வளவு சேர்?”

“என்ன?”

அவள் அவரை விட்டுவிட்டு மாணவர்கள் பக்கம் திரும்பினாள். “இருபத்துநாலில ஆறு போனா பதினெட்டு. எட்டுப் போனா பதினாறு. அந்த ரெண்டு கிலோவைத்தான் நாங்க நிழலால வந்த நட்டம்னு எழுதியிருக்கோம். கழிச்சது மரம் இல்லை, கணக்கப்பிள்ளை. நானும் ஒண்ணரை வருசம் அதைக் கணினியில ஏத்தினேன். பதினாலு கட்டுரை. ஒருத்தரும் தராசைப் பார்க்கல. இலேசானதெல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சேர் சொன்னாரு. முடியல. அதைப் பார்த்தா புள்ளி கிடையாது. அதனால பார்க்கல.”

சிரிப்பு நின்றது. முன் வரிசைத் துரைமாரில் ஒருவர் கைத்தொலைபேசியை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு மாணவி கையைத் தூக்கி, “டீச்சர், அப்ப வெட்டின மரமெல்லாம்?” என்று கேட்டாள். டீச்சர் என்று யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை.

“இதை நாங்கள் உள்ளுக்கை கதைப்பம்,” என்றார் தர்மராசா. கூட்டம் பத்து நிமிடம் முந்தியே முடிந்தது.

மண்டபத்துக்குப் பின்னால், சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கியிருந்த நடையில் அவர் அவளைப் பிடித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. முகம் ஒரு மாதிரி தொங்கிப்போயிருந்தது.

“என்ர முதல் கட்டுரையும் அதுக்கைதானே வருது?” என்று கேட்டார்.

“அதுலதான் தொடங்குது சேர்.”

“எனக்கு அப்ப உம்மட வயசு. பன்னெண்டு வருசம் நிழல் மரத்தின்ர வேர் எப்பிடிப் போகுது எண்டு பாக்கோணும் எண்டுதான் வந்தனான். இரண்டு வருசத்துக்கு மேல காசு தரமாட்டம் எண்டிட்டாங்கள். கணக்கப்பிள்ளையின்ர புத்தகத்தில இருந்ததை எடுத்து எழுதினன். தராசைப் போய்ப் பார் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை பிள்ளை.”

ஒரு நிமிடம் அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

“உங்களுக்கு யாரும் சொல்லல சேர். நான் உங்களுக்குச் சொன்னேன். மூணு தடவை.”

அவர் அவளைப் பார்க்கவில்லை. “கட்டுரை போகும்,” என்றார். “நிப்பாட்டினால் நிலையமே நிக்கும். உம்மட பேரை எடுத்துவிடுறன்.”

“எடுத்துருங்க.”

திங்கட்கிழமை காலை அவளுடைய ஒப்பந்தம் மாத முடிவோடு முடிகிறது என்று கடிதம் வந்தது. கட்டுரையில் மபாஸின் பெயர் முதலில் ஏறியது. அவன் அவள் மேசைக்கு வந்து, “மன்னிச்சுக்கங்க,” என்றான். அவள் தராசைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். “மன்னிக்க மாட்டேன் மபாஸ்,” என்றாள். அப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. சொன்னபின் நிம்மதியாக இருந்தது.

புதன்கிழமை மேமலையில், ஆட்களுக்கு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் அம்மாவின் கூட்டத்தை மறுபடி மரத்து மலைக்கு அனுப்பினார்கள். ஒன்பது மணிக்கு முதல் நிறுவை. நிஷாந்தினி தராசோடும் கொப்பியோடும் மேலே ஏறிப் போனபோது, பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் நின்றது லீலாதேவி. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாலே, அம்மா இரண்டு நாளும் சும்மா இருக்கவில்லை என்று தெரிந்தது.

சாக்கு தராசில் தொங்கியது. முள் எட்டில் நின்றது.

“நாலு,” என்று எழுதப் போனார் கணக்கப்பிள்ளை.

“எட்டுன்னு எழுதுங்கய்யா,” என்றாள் லீலாதேவி.

“என்னாத்துக்கு? ஈரம் இருக்கில்ல?”

“இருக்கு. எட்டுன்னு எழுதிட்டு, அப்புறம் கழிச்சதயும் எழுதுங்க. தராசு காட்டுனது ஒரு பக்கம், நீங்க எடுத்துக்கிட்டது ஒரு பக்கம்.”

“அப்படி எழுத இதுல இடமில்ல. பாரு, ஒரு கட்டம்தான் போட்டு வச்சிருக்கான்.” அவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். உண்மைதான். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, ஒவ்வொரு நிறுவைக்கும் ஒரே ஒரு கட்டம். இருபது வருடமும் அந்தக் கட்டம் அப்படித்தான் இருந்திருக்கும்.

நிஷாந்தினி முன்னால் போனாள். புத்தகத்தை வாங்கி மூட்டை ஒன்றின்மேல் வைத்தாள். கொப்பி மட்டையை அடிமட்டமாகப் பிடித்து, கட்டத்தின் நடுவே மேலிருந்து கீழே ஒரு கோடு போட்டாள். அழுத்திப் போட்டதில் பேனா முனை தாளைக் கொஞ்சம் கிழித்தது. அடுத்த கட்டத்துக்கும் போட்டாள். அதற்கடுத்ததற்கும்.

“இதுல கோடு போட நீ யாரு? யாரு சொல்லி இதெல்லாம்?” கணக்கப்பிள்ளை எழுந்துவிட்டார். “தொரைக்குச் சொல்லுவேன். இன்னைக்கு ஒருத்திக்கும் பேரு கிடையாது!”

“சொல்லுங்க,” என்றாள் லீலாதேவி. “வரட்டும். வந்து அவரும் முள்ளப் பாக்கட்டும்.”

கீழே ரோட்டில் கொழுந்து லொறி ஹோர்ன் அடித்தது. சவுக்கு இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு பெண்களில் ஒருத்திகூடச் சாக்கை அசைக்கவில்லை. லொறி மறுபடி அடித்தது.

நிஷாந்தினி கோடு போட்டு முடித்த பக்கத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். பேனாவையும் நீட்டினாள்.

“எட்டு,” என்றாள். இந்தத் தடவை குரல் உடையவில்லை. “மொதல்ல எட்டுன்னு எழுதுங்க.”